அரிக்கும் பருக்கள்… தீனி போடும் கிரீம்கள்!

*நெற்றியிலும் முதுகிலும் பொடிப்பொடியாக, ஒரே அளவில், அரிப்போடு கிளம்பும் கொப்புளங்களை முகப்பரு என்று நினைத்து மாதக்கணக்கில் மருந்து போடுகிறார்கள் பலர். மருந்து போடப் போட அவை பெருகுகின்றன. காரணம் பூஞ்சை. செஞ்சியில் ஒரு மருந்துக் கடை வாசலில் இருந்து தொடங்கும் சிறப்புக் கட்டுரை.*

ஏப்ரல் மாலை, ஐந்தரை மணி. பகலெல்லாம் குடித்த வெயிலைச் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரிப் பாறை இன்னும் ஊருக்குள் விட்டுக்கொண்டிருக்கிறது. திண்டிவனம் பஸ்ஸும் திருவண்ணாமலை பஸ்ஸும் முன்னும் பின்னுமாக வந்து நிற்க, கூட்டம் இறங்குகிறது. கல்லூரி மாணவன் ஒருவன் மருந்துக் கடை முன்பு பைக்கை ஓரங்கட்டி ஹெல்மெட்டைக் கழற்றுகிறான். ஸ்பாஞ்ச் பட்டை பதிந்திருந்த இடத்தில், புருவத்துக்கு மேலிருந்து முடி முளைக்கும் எல்லை வரை, கடுகு தெறித்ததுபோல் கொப்புளங்கள். பெரிசு சிறிசு இல்லை, எல்லாம் ஒரே அளவு.

“அண்ணே, போன தடவை பருவுக்குக் குடுத்தீங்களே, அந்த ட்யூப் ஒண்ணு.”

பேசும்போதே புறங்கையால் நெற்றியைத் தேய்க்கிறான். கடைக்காரர் அலமாரியிலிருந்து ட்யூபை எடுத்துவிட்டு, “மாத்திரையும் போடறியாப்பா? சீக்கிரம் அடங்கும்” என்கிறார். தலையாட்டுகிறான். ஆன்டிபயாடிக் அட்டையிலிருந்து ஐந்து மாத்திரைகள் கத்தரிக்கப்படுகின்றன. மருந்துச் சீட்டை அவர் கேட்கவில்லை, இவனிடமும் இல்லை. ஜிபேயில் பணம் விழுந்த சத்தம் கேட்டதும் பைக் கிளம்பிவிடுகிறது.

இது செஞ்சிக்கு மட்டும் உரிய காட்சி இல்லை. தமிழ்நாட்டின் எந்தத் தாலுகா ஊரிலும் தினமும் நடப்பதுதான். ஆனால் அந்த ஒரு நிமிடத்தில், நோயைக் காட்டிக்கொடுக்கும் இரண்டு தடயங்கள் கவுன்டருக்கு நேர் எதிரே நின்றிருந்தன. ஒன்று, எல்லாக் கொப்புளங்களும் ஒரே அளவில் இருந்தது. இன்னொன்று, அந்தப் பையன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே பேசியது. இரண்டையும் யாரும் கவனிக்கவில்லை. கைமாறிய இரண்டு மருந்துகளும் அந்த நோயை வளர்க்கக்கூடியவை.

### தோலில் ஏற்கெனவே குடியிருக்கும் பூஞ்சை

இன்ஸ்டாகிராம் ரீல்ஸ்களில் ‘ஃபங்கல் ஆக்னே’ என்று ஓடிக்கொண்டிருக்கும் இந்தப் பிரச்னையை மருத்துவர்கள் ‘மலசீசியா ஃபாலிகுலைட்டிஸ்’ என்பார்கள். மலசீசியா என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சை, முடி முளைக்கும் குழிகளுக்குள் அளவுக்கு மீறிப் பெருகி அழற்சியை உண்டாக்குவதே நோய். பார்வைக்குப் பரு மாதிரி இருக்கும். முகப்பரு வரும் வழி வேறு, இது வரும் வழி வேறு.

இந்தப் பூஞ்சை வெளியிலிருந்து தொற்றுவதில்லை. பிறந்த சில நாட்களிலேயே குழந்தையின் தோலில் குடியேறிவிடுகிறது. பருவ வயதில் எண்ணெய்ச் சுரப்பிகள் முழு வேகத்தில் வேலை செய்யத் தொடங்கும்போது பல மடங்காகிறது. பெரியவர்களில் பெரும்பாலோரின் தலை, நெற்றி, மார்பு, முதுகு எங்கும் அது இருக்கிறது, தொந்தரவு செய்வதில்லை. ஒரே ஒரு பலவீனம்: கொழுப்பு அமிலங்களைத் தானே தயாரித்துக்கொள்ள அதற்குத் தெரியாது. மனிதத் தோலில் வாழும் மலசீசியா இனங்கள் எல்லாமே வெளியிலிருந்து கிடைக்கும் கொழுப்பை நம்பியே பிழைக்கின்றன. ஆய்வகத்தில் இதை வளர்க்க வேண்டுமென்றால் ஆலிவ் எண்ணெய் போன்ற ஒன்றை ஊற்றித்தான் வளர்க்க வேண்டும்.

நமக்கு நன்கு பழக்கமான இரண்டு பிரச்னைகளுக்குப் பின்னாலும் இதே பூஞ்சைதான் இருக்கிறது. ஒன்று, மார்பிலும் கழுத்திலும் வெளிறிய திட்டுகளாகப் படரும் தேமல். இன்னொன்று பொடுகு. தேமலோ விடாப்பிடியான பொடுகோ இருப்பவருக்கு நெற்றியிலும் முதுகிலும் அரிக்கும் கொப்புளங்கள் வந்தால், சந்தேகத்தை முதலில் இந்தப் பக்கம் திருப்புவது நல்லது.

> பெட்டிச் செய்தி: எது முகப்பரு, எது பூஞ்சை, எது வேர்க்குரு?
>
> முகப்பரு: கரும்புள்ளி, வெண்புள்ளி, சிவந்த பரு, சீழ் வைத்த கட்டி என்று எல்லாம் கலந்திருக்கும். ஒன்று சிறியது, ஒன்று பெரியது. கன்னம், மூக்கு என முகத்தின் நடுப்பகுதியிலும் தாராளமாக வரும். வலிக்கலாம், அரிப்பு பெரிதாக இருக்காது.
>
> பூஞ்சைப் பரு: 1 முதல் 2 மில்லிமீட்டர் அளவில் எல்லாம் ஒரே அச்சு. கரும்புள்ளி, வெண்புள்ளி இருக்காது. முடி எல்லையை ஒட்டிய நெற்றி, முகத்தின் ஓரங்கள், மோவாய், மேல் முதுகு, மார்பு, தோள்பட்டை, மேற்கை ஆகியவை இதன் இடங்கள். வியர்த்தால் அரிப்பும் எரிச்சலும் கூடும்.
>
> வேர்க்குரு: வியர்வை நாளம் அடைபடுவதால் வருவது. முடிக்குழியோடு தொடர்பில்லை. குத்துவதுபோல் இருக்கும். காற்றோட்டமான இடத்துக்கு வந்து சில நாட்கள் உடம்பைக் குளிர்ச்சியாக வைத்தாலே பெரும்பாலும் அடங்கிவிடும்.
>
> கவனம்: முகப்பருவும் பூஞ்சைப் பருவும் ஒருவருக்கே ஒரே நேரத்தில் இருக்கலாம். அப்போது இரண்டுக்கும் சேர்த்தே சிகிச்சை தேவை.

### வெயில், வியர்வை, ஹெல்மெட், மூட்டை

மலசீசியாவுக்கு வேண்டியவை மூன்று: சூடு, ஈரம், எண்ணெய். மூன்று பாறைக் குன்றுகள் நிற்கும் செஞ்சி மாதிரியான ஊரில் முதல் இரண்டுக்குப் பஞ்சமில்லை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரயான்துர்க்கம் என்ற அந்த மூன்று குன்றுகளையும் அவற்றை இணைக்கும் மதிலையும் கொண்ட கோட்டை, 2025 ஜூலையில் ‘மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள்’ வரிசையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. கோட்டையைப் பார்க்க வருபவர் ஏறி இறங்கி வியர்வையைத் துடைத்துவிட்டு ஊருக்குப் போய்விடுவார். இங்கேயே இருப்பவருக்குப் பங்குனியில் தொடங்கும் வியர்வை ஆடி வரைக்கும் நிற்பதில்லை.

யாருக்கெல்லாம் வருகிறது என்று பார்த்தால் தொழிலும் உடையும் கண்ணில் படும். ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் நெல் மூட்டை தூக்குபவர்களுக்கு, சாக்கு உரசும் தோள்பட்டையும் மேல் முதுகும் நாளெல்லாம் நனைந்தே கிடக்கும். மல்லாட்டை எனும் நிலக்கடலைக் கொல்லையில் களை எடுத்துவிட்டு வரும் பெண்களுக்கு, பாலியஸ்டர் ஜாக்கெட் முதுகோடு ஒட்டிக்கொண்டிருக்கும். போலீஸ் தேர்வுக்காக விடியற்காலையில் ஓடும் இளைஞர்கள் வியர்வை காயாத ஜெர்சியோடே ஒன்பது மணி வரை சுற்றுவார்கள். நாளெல்லாம் ஹெல்மெட்டோடு அலையும் டெலிவரிப் பையன்களுக்கும் விற்பனைப் பிரதிநிதிகளுக்கும் அந்த ஸ்பாஞ்ச் பட்டை காயவே காயாது.

மூன்றாவது தேவையான எண்ணெயை நாமே கொடுக்கிறோம். முதுகில் கொப்புளம் கிளம்பியதும் வீட்டில் சொல்லும் முதல் காரணம் ‘உடம்புச் சூடு’. அடுத்த சனிக்கிழமையே நல்லெண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொல்வார்கள். முகப்பரு என்றால் இரவில் தேங்காய் எண்ணெயில் மஞ்சளைக் குழைத்துப் பூசச் சொல்வார்கள். சாதாரணத் தோலுக்கு இதனால் பெரிய கெடுதல் இல்லை. ஆனால் முடிக்குழிக்குள் பூஞ்சை பெருகிக் கிடக்கும் ஒருவர் இதைச் செய்தால், தாவர எண்ணெய்களில் உள்ள கொழுப்பு அமிலங்கள் நேராக அந்தப் பூஞ்சைக்குத்தான் போய்ச் சேரும். கொப்புளம் அடங்கும் வரையாவது முகம், மார்பு, முதுகுப் பக்கம் எண்ணெய் வைக்காமல் இருப்பது நல்லது. கனமான, எண்ணெய் பிசுபிசுக்கும் ஃபேர்னெஸ் கிரீம், சன்ஸ்கிரீன், மேக்கப் எல்லாவற்றுக்கும் இதே விதி.

வெளியிலிருந்து வரும் காரணங்கள் போக, உடம்புக்குள் இருக்கும் காரணங்களும் உண்டு. கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை நோய், உறுப்பு மாற்று அறுவை சிகிச்சைக்குப் பின் சாப்பிடும் மருந்துகள், ஆஸ்துமாவுக்கோ மூட்டுவலிக்கோ நீண்ட நாள் எடுத்துக்கொள்ளும் ஸ்டீராய்டு மாத்திரைகள் ஆகியவை எதிர்ப்புச் சக்தியைக் குறைத்து இந்தப் பூஞ்சைக்கு இடம் கொடுத்துவிடும். 40 வயதுக்கு மேல் ஒருவருக்குத் திடீரென்று முதுகெல்லாம் இப்படிக் கிளம்பினால், ரத்தச் சர்க்கரையையும் ஒருமுறை பார்த்துவிடுவது புத்திசாலித்தனம்.

### ஐந்து மாத்திரை செய்யும் வேலை

அந்தப் பையன் வாங்கிப் போன ஆன்டிபயாடிக் என்ன செய்யும்?

நம் தோலில் பாக்டீரியாவும் பூஞ்சையும் ஒன்றையொன்று கட்டுக்குள் வைத்தபடி சேர்ந்து வாழ்கின்றன. டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின் போன்ற மருந்துகள் பாக்டீரியாவைக் குறைக்கும். பூஞ்சையை ஒன்றும் செய்யாது. போட்டிக்கு ஆள் இல்லாமல் போனதும் பூஞ்சைக்குத் தடையில்லை. இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. ஆன்டிபயாடிக் சாப்பிட்டவர்களுக்குப் பரு போன்ற கொப்புளங்கள் கிளம்புவதை அமெரிக்க மருத்துவர்கள் 1969-இலேயே மருத்துவ இதழில் பதிவு செய்தார்கள். 1973-இல் இது தனி நோயாக வரையறுக்கப்பட்டது.

2018-இல் அமெரிக்காவில் இந்த நோய் உறுதியான 110 பேரின் மருத்துவப் பதிவுகளை அலசி ஓர் ஆய்வு வெளியானது. அவர்களில் முக்கால் பங்குக்கும் மேற்பட்டவர்கள், சமீபத்தில் முகப்பருவுக்காக ஆன்டிபயாடிக் எடுத்தவர்கள்! அங்கே அது மருத்துவர் எழுதித் தந்தது. இங்கே கவுன்டரில் கத்தரித்துத் தரப்படுகிறது.

இதில் நோயாளி மாட்டிக்கொள்ளும் சுழல் கொடுமையானது. முதலில் நிஜமாகவே கொஞ்சம் முகப்பரு இருந்திருக்கும். மாத்திரை போட்டதும் குறையும். சில வாரம் கழித்து நெற்றியில் பொடிப்பொடியாகக் கிளம்பும். ‘மறுபடி பரு வந்துவிட்டது’ என்று அதே மாத்திரையை மறுபடி வாங்குவார். இந்த முறை அது பரு இல்லை. மாத்திரை கேட்காது. உடனே இன்னும் வீரியமான மாத்திரைக்குப் போவார். பூஞ்சை தழைக்கும்.

இதன் விளைவு ஒருவரின் முகத்தோடு முடிந்தால்கூடப் பரவாயில்லை. தேவையில்லாத ஒவ்வொரு அட்டை ஆன்டிபயாடிக்கும், மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவை ஊருக்குள் வளர்க்கிறது. நாளைக்கு அதே வீட்டில் ஒரு குழந்தைக்கு நிமோனியா வரும்போது அந்தப் பாக்கியைத் தீர்க்க வேண்டியிருக்கும். சில அட்டைகளின் பின்பக்கம் செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு இருக்கும். மருத்துவர் சீட்டு இல்லாமல் இதை வாங்காதே என்று அர்த்தம். மத்திய அரசு 2016-இல் இதற்காகவே ஒரு விழிப்புணர்வு இயக்கம் நடத்தியது. உங்கள் வீட்டு மாத்திரை டப்பாவில் எத்தனை சிவப்புக் கோடுகள் இருக்கின்றன என்று இன்று ராத்திரி எடுத்துப் பாருங்கள்.

### ட்யூபுக்குள் இருக்கும் ஸ்டீராய்டு

ஆன்டிபயாடிக்கைவிட ஆபத்தானது அந்த ட்யூப்.

செஞ்சியில் கேட்டாலும் சென்னையில் கேட்டாலும் ‘பரு கிரீம்’, ‘கலர் குடுக்கிற கிரீம்’, ‘அரிப்பு கிரீம்’ என்று வெவ்வேறு பெயரில் தரப்படும் பல ட்யூப்களுக்குள் ஒரே மாதிரிச் சேர்மானம் இருக்கும்: ஒரு ஸ்டீராய்டு, ஓர் ஆன்டிபயாடிக், ஒரு பூஞ்சைக்கொல்லி. எந்த நோய் என்று தெரியாவிட்டாலும் ஏதாவது ஒன்று வேலை செய்யும் என்ற கணக்கு. ஸ்டீராய்டு போட்டால் ஓரிரு நாளில் அரிப்பு நிற்கும், சிவப்பு மறையும், முகம் கொஞ்சம் வெளுக்கும். ‘நல்லா கேட்குது’ என்று நம்பிக்கை வந்துவிடும். உண்மையில் ஸ்டீராய்டு செய்தது, அந்த இடத்துத் தோலின் எதிர்ப்பை முடக்கியது மட்டும்தான். முடிக்குழியின் ஆழத்தில் பூஞ்சை அப்படியே இருக்கும். எதிர்க்க ஆளில்லாமல் இன்னும் பெருகும். ட்யூபை நிறுத்தியதும் முன்னைவிட அதிகமாகச் சிவந்து, எரிந்து, கிளம்பும். பயந்துபோய் மறுபடி தடவுவார்கள். தோல் அந்த ட்யூபுக்கு அடிமையாவது இப்படித்தான்.

மாதக்கணக்கில் போனால் தோல் காகிதம்போல் மெலியும். கன்னத்தில் ரத்தக் குழாய்கள் சிவப்பு நூலாகத் தெரியும். பெண்களின் முகத்தில் முடி வளரும். வெயிலில் இறங்கினாலே எரியும். இந்த நிலைக்கு ‘ஸ்டீராய்டால் சிதைந்த முகம்’ என்ற பொருளில் ஒரு மருத்துவப் பெயரை உலகுக்குத் தந்தவர்கள் கொல்கத்தாவின் தோல் மருத்துவர்கள் கௌசிக் லாஹிரியும் அரிஜித் கூண்டுவும், ஆண்டு 2008. ஒரு நாட்டில் இப்படி ஒரு நோய்க்குத் தனிப் பெயர் வைக்க வேண்டிய நிலை வந்ததே, கவுன்டர் விற்பனை எந்த அளவுக்குப் போயிருக்கிறது என்பதற்குச் சாட்சி.

அளவு என்ன என்பதை 2011-இல் வெளியான ஓர் இந்திய ஆய்வு காட்டியது. நாட்டின் 12 மையங்களில், முகத்தில் தோல் பிரச்னையோடு வந்த 2,926 பேரைப் பரிசோதித்தார்கள். 433 பேர், அதாவது நூற்றுக்கு ஏறக்குறைய 15 பேர், முகத்தில் ஸ்டீராய்டு கிரீம் தடவிக்கொண்டிருந்தார்கள். அதில் 29 சதவிகிதத்தினர் ஃபேர்னெஸ் கிரீமாகவும் சாதாரண முகக் கிரீமாகவும் ஷேவிங்குக்குப் பிறகும் பயன்படுத்தினார்கள். 24 சதவிகிதத்தினர் பருவுக்காகத் தடவினார்கள். பத்தில் ஆறு பேருக்கு இதைச் சிபாரிசு செய்தவர் மருத்துவரே இல்லை! இவர்களிடம் அதிகமாகக் காணப்பட்ட பக்கவிளைவு எது தெரியுமா? பரு. பருவுக்குப் போட்ட மருந்தே பருவைக் கொடுத்திருக்கிறது.

> பெட்டிச் செய்தி: சட்டம் என்ன சொல்கிறது?
>
> * தோலில் தடவும் 14 வகை ஸ்டீராய்டுகளை மத்திய அரசு 2018 மார்ச்சில் ‘ஷெட்யூல் எச்’ பட்டியலில் கொண்டுவந்தது. மருத்துவர் சீட்டு இல்லாமல் இவற்றை விற்கக் கூடாது.
> * அதே ஆண்டு செப்டம்பரில் 328 கூட்டு மருந்துகளுக்குத் தடை விதிக்கப்பட்டது. ஸ்டீராய்டு, ஆன்டிபயாடிக், பூஞ்சைக்கொல்லி மூன்றும் கலந்த பல கிரீம்கள் அதில் அடக்கம். இதே பாணிக் கலவைகள் வேறு சேர்மானங்களில் இன்றும் விற்பனையில் உள்ளன.
> * உங்கள் ட்யூபில் பீட்டாமெத்தசோன், குளோபிட்டசால், மொமெட்டசோன் என்ற பெயர்களில் எதுவும் இருந்தால் அது ஸ்டீராய்டு. ‘பரு கிரீம்’ என்று சொல்லிக் கொடுத்திருந்தாலும் மருத்துவரிடம் காட்டாமல் முகத்தில் போடாதீர்கள்.
> * ஏற்கெனவே பல மாதமாகப் போட்டுக்கொண்டிருந்தால் பயந்துபோய் நீங்களாகத் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம். எப்படிக் குறைப்பது என்பதைத் தோல் மருத்துவர் சொல்வார்.

### கண்டுபிடிப்பது எப்படி?

அனுபவமுள்ள தோல் மருத்துவருக்குப் பெரும்பாலும் பார்த்தாலே பிடிபட்டுவிடும். ஒரே அளவு, கரும்புள்ளி இல்லாமை, அரிப்பு, வரும் இடம் ஆகிய நான்கும் சேர்ந்தால் சந்தேகம் வலுக்கும். ‘இதுக்கு முன்னாடி என்ன மருந்து போட்டீங்க?’ என்ற கேள்விக்குக் கிடைக்கும் பதில் பாதி நோயைச் சொல்லிவிடும். ஆன்டிபயாடிக் போட்டும் கேட்கவில்லை, இன்னும் அதிகமானது என்றால் அது பெரிய துப்பு.

உறுதிப்படுத்த எளிய பரிசோதனை ஒன்று இருக்கிறது. கொப்புளத்தின் உள்ளிருப்பதை மெல்ல எடுத்துக் கண்ணாடித் தகட்டில் வைத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் ஒரு சொட்டு விடுவார்கள். அது தோல் செல்களைக் கரைத்துவிடும். பூஞ்சை கரையாமல் நிற்கும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், முளைவிட்ட நிலையில் வட்ட வட்டமான ஈஸ்ட் செல்கள் கூட்டமாகத் தெரியும். அன்றைக்கே, அந்த இடத்திலேயே முடிவு தெரிந்துவிடும். மருத்துவர்கள் இதைச் சுருக்கமாக ‘கே.ஓ.எச். டெஸ்ட்’ என்பார்கள். ‘வுட்ஸ் விளக்கு’ என்ற புற ஊதா விளக்கு வெளிச்சத்தில் சிலருக்கு அந்த இடங்கள் தனி நிறத்தில் ஒளிர்வதும் உண்டு. சந்தேகம் தீராத சிலருக்கே தோலைத் துளி எடுத்துச் சோதிக்க நேரும்.

கல்ச்சர் பரிசோதனைக்கு இதில் அவ்வளவு பயன் இல்லை. எல்லார் தோலிலும் இருக்கும் பூஞ்சை என்பதால், வளர்ந்தாலும் அதுதான் நோய்க்குக் காரணம் என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது.

### சிகிச்சை: கேட்கும், ஆனால் திரும்பும்

நல்ல செய்தி முதலில். சரியாகக் கண்டுபிடித்தால் இது வேகமாக அடங்கும் நோய். மாதக்கணக்கில் பருவுக்கு மருந்து போட்டுச் சலித்தவருக்கு, பூஞ்சைக்கான மருந்து தொடங்கிய ஓரிரு வாரத்திலேயே அரிப்பு நின்று கொப்புளம் வற்றத் தொடங்குவதைப் பார்த்தால் நம்ப முடியாது.

பூஞ்சை முடிக்குழிக்குள் ஆழத்தில் இருப்பதால், பரவலாக வந்தவர்களுக்கு இட்ராகொனசோல் அல்லது ஃபுளூகொனசோல் மாத்திரையைச் சில வாரங்களுக்கு மருத்துவர் எழுதித் தருவார். லேசாக இருந்தால் கீட்டோகொனசோல் கிரீமும், பொடுகுக்கு விற்கும் கீட்டோகொனசோல் அல்லது செலினியம் சல்ஃபைடு ஷாம்புவுமே போதும். பொடுகு ஷாம்புவை முதுகுக்குத் தேய்ப்பதா என்று சிரிக்க வேண்டாம். 110 பேரை ஆராய்ந்த அந்த அமெரிக்க ஆய்வில் அதிகமாகக் கையாளப்பட்ட சிகிச்சையே கீட்டோகொனசோல் ஷாம்புதான். பெரும்பாலோருக்குக் குணம் தெரிந்தது. நனைத்த தோலில் தேய்த்து, ஐந்து முதல் பத்து நிமிடம் விட்டுக் கழுவ வேண்டும். தேய்த்ததும் ஊற்றிக் கழுவிவிட்டால் பலன் இருக்காது. கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

படர்தாமரைக்கு வாங்கிய மாத்திரை மிச்சம் இருக்கிறதே, பூஞ்சைதானே என்று அதைப் போடுபவர்களும் உண்டு. இரண்டும் வேறு வேறு பூஞ்சைகள். படர்தாமரைக்குக் கொடுக்கப்படும் டெர்பினஃபின் மாத்திரை மலசீசியாவிடம் செல்லாது. கண்டபடி ட்யூப் தடவியதன் விளைவைப் படர்தாமரை விஷயத்தில் இந்தியா ஏற்கெனவே அனுபவித்துக்கொண்டிருக்கிறது. டெர்பினஃபினுக்கு அடங்காத ஒரு படர்தாமரைப் பூஞ்சையை இந்திய, நேபாள நோயாளிகளிடம் அடையாளம் கண்டு, 2020-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ‘ட்ரைக்கோஃபைட்டான் இண்டோடினியே’ என்று பெயர் வைத்தார்கள். உலக மருத்துவ இதழ்களில் நம் நாட்டின் பெயரைத் தாங்கி ஒரு சொறி சுற்றிவருகிறது.

கெட்ட செய்தி, இது திரும்ப வரும். பூஞ்சையைத் தோலிலிருந்து முழுக்கத் துரத்த முடியாது, துரத்தவும் வேண்டியதில்லை. அடிக்கடி வருபவர்களுக்கு, கொப்புளம் அடங்கிய பிறகும் வாரம் ஒருமுறை அதே ஷாம்புவைத் தேய்த்துக் குளிக்கச் சொல்வது வழக்கம். முக்கியமாகக் கோடையில். கொப்புளம் இருந்த இடத்தில் கருமை சில மாதம் தங்கும். அது நோய் இல்லை, தழும்பும் இல்லை. அதைப் போக்குகிறேன் என்று மறுபடி ‘கலர் கிரீம்’ வாங்கப் போனால் கதை முதலிலிருந்து தொடங்கும்.

> பெட்டிச் செய்தி: மாத்திரைக்கு முன் மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை
>
> * கர்ப்பமாக இருந்தாலோ, கர்ப்பத்துக்குத் திட்டமிட்டாலோ கட்டாயம் சொல்லுங்கள்.
> * இதயச் செயலிழப்பு இருப்பவர்களுக்கு இட்ராகொனசோல் கூடாது.
> * கல்லீரல் நோய் இருந்தால், குடிப்பழக்கம் இருந்தால் மறைக்க வேண்டாம்.
> * கொலஸ்ட்ராலுக்குச் சாப்பிடும் சில மாத்திரைகள் இதோடு ஒத்துப்போகாது. தினமும் சாப்பிடும் எல்லா மருந்தையும் காட்டுங்கள்.
> * இட்ராகொனசோல் கேப்சூலைச் சாப்பிட்ட கையோடு போட வேண்டும். அல்சர் மாத்திரையோ ஜெலுசில் வகை மருந்தோ கூடச் சேர்ந்தால் உடம்பில் சரியாகச் சேராது.
> * கீட்டோகொனசோலை ஷாம்புவாக, கிரீமாக மட்டும் பயன்படுத்த வேண்டும். கல்லீரல் பாதிப்பு ஆபத்தால், தோல் பிரச்னைகளுக்கு அதன் மாத்திரையைத் தவிர்க்கச் சொல்லி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013-இல் எச்சரித்தது.

### ரீல்ஸ் டாக்டர்கள்

இன்னொரு பக்கம் எதிர்த்திசைத் தவறும் நடக்கிறது. சில வருடம் முன்பு வரை பலரும் கேள்விப்படாத பூஞ்சைப் பரு, இப்போது எல்லார் முகத்திலும் இருப்பதுபோல் ரீல்ஸ்கள் பேசுகின்றன. நெற்றியில் ஒரு பரு வந்ததும் பொடுகு ஷாம்புவால் தினம் முகம் கழுவும் பிள்ளைகள் இருக்கிறார்கள். தோல் வறண்டு உரிந்து எரிகிறது. உண்மையில் இருந்த முகப்பருவுக்குச் சிகிச்சை கிடைக்காமல், அது கட்டியாகி நிரந்தரக் குழியாக மாறுகிறது. முகப்பரு விட்டுச் செல்லும் குழிகளைச் சரிசெய்ய ஆகும் செலவும் காலமும் ஒரு தோல் மருத்துவரை இரண்டு முறை பார்க்க ஆவதைவிடப் பல மடங்கு.

கரும்புள்ளியும் வெண்புள்ளியும் கலந்திருந்தால், அரிப்பு இல்லாமல் வலி இருந்தால், மாதவிடாயை ஒட்டி வந்து போனால், முகப்பருவின் பக்கமே யோசிக்க வேண்டும். இரண்டு வாரம் ஷாம்பு போட்டும் துளி மாற்றம் இல்லை என்றால் நீங்கள் நினைத்த நோயாக அது இல்லாமல் இருக்கலாம். அங்கேயே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போய்விடுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியதற்கு வீடியோ தேவையில்லை. வியர்த்த சட்டையை உடனே மாற்றுங்கள். வேலை முடிந்ததும் குளியுங்கள். பருத்தி உடுத்துங்கள். ஹெல்மெட்டின் உள்பட்டையைக் கழற்றித் துவைத்து வெயிலில் உலர்த்துங்கள். இல்லையென்றால் உள்ளே ஒரு பருத்திக் கைக்குட்டை கட்டிக்கொண்டு தினமும் மாற்றுங்கள். தலையணை உறையையும் துண்டையும் அடிக்கடி துவையுங்கள். கிள்ளாதீர்கள். கொப்புளத்தில் டூத்பேஸ்ட்டும் எலுமிச்சைச் சாறும் வேண்டவே வேண்டாம்.

### செஞ்சிக்காரர் எங்கே போவது?

கவுன்டரில் மருந்து கேட்பவரைத் திட்டுவது எளிது. அவர் ஏன் அங்கே போகிறார் என்று பார்க்க வேண்டும். மருந்துக் கடை பஸ் நிலையத்தை ஒட்டியே இருக்கிறது, ராத்திரி பத்து மணி வரை திறந்திருக்கிறது, உட்கார வைத்துக் காத்திருக்கச் சொல்வதில்லை. தோல் சிகிச்சைத் துறையோடு கூடிய பெரிய அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டுமென்றால், முண்டியம்பாக்கத்தில் உள்ள விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ, திருவண்ணாமலைக்கோ, புதுச்சேரி ஜிப்மருக்கோ பஸ் ஏற வேண்டும். சிகிச்சை இலவசம்தான், அன்றைய கூலி போய்விடும். பருவுக்காக ஒரு நாள் வேலையை விடுவதா என்று தோன்றுவது இயல்பு. ஆனால் கிரீம், மாத்திரை, இன்னொரு கிரீம் என்று ஆறு மாதம் செலவழித்ததைக் கூட்டிப் பார்த்தால் அந்த ஒரு நாள் மலிவு. மருத்துவர் எழுதித் தந்தபின், மக்கள் மருந்தகங்களிலும் 2025 பிப்ரவரியில் தமிழக அரசு தொடங்கிய முதல்வர் மருந்தகங்களிலும் ஜெனரிக் வடிவம் குறைந்த விலைக்குக் கிடைக்கிறதா என்று விசாரிக்கலாம்.

போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். இதுவரை போட்ட ட்யூப், மாத்திரை அட்டை, எண்ணெய், சோப்பு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். தீர்ந்துபோன ட்யூபாக இருந்தாலும் பரவாயில்லை. அந்தப் பைதான் மருத்துவருக்கு உங்கள் தோலின் வரலாறு.

அரசு செய்ய வேண்டியது பெரிய செலவு பிடிக்கும் காரியமும் இல்லை. காசநோய்க்குச் சளி பார்க்க மைக்ராஸ்கோப் வைத்திருக்கும் மருத்துவமனைகள் தாலுகா அளவிலேயே இருக்கின்றன. பூஞ்சையைப் பார்க்கவும் அதே மைக்ராஸ்கோப் போதும். கூடுதலாகத் தேவைப்படுவது ஒரு புட்டி பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல், ஆய்வக நுட்புநருக்குச் சில நாள் பயிற்சி, வாரத்தில் ஒரு நாள் மருத்துவக் கல்லூரியிலிருந்து தோல் மருத்துவர் ஒருவர் தாலுகா மருத்துவமனைக்கு வருவது. இந்த மூன்றும் அமைந்தால் பூஞ்சைப் பரு, தேமல், படர்தாமரை மூன்றையும் செஞ்சியிலேயே பிரித்தறிந்து மருந்து கொடுத்துவிடலாம். ஸ்டீராய்டு ட்யூபைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்ற 2018-ஆம் ஆண்டு விதி ஏற்கெனவே கையில் இருக்கிறது. மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் கடைகளில் அதைக் கேட்கத் தொடங்க வேண்டியதுதான் பாக்கி.

அதுவரை ஒரு கேள்வியைக் கவுன்டரின் இரு பக்கமும் பழகிக்கொள்ளலாம். பருவுக்கு மருந்து கேட்டு வருபவரிடம் கடைக்காரர் ‘அரிக்குதா?’ என்று கேட்கட்டும். அவர் கேட்காவிட்டால், வாங்க வந்தவரே சொல்லட்டும். ‘ஆமாம்’ என்று பதில் வந்தால் அலமாரியில் இருக்கும் எந்தப் பரு ட்யூபும் அவருக்கானது இல்லை. அவர் போக வேண்டிய இடம் மருத்துவமனை.